சுவர் வரை பின்வாங்குதல்

ஆங்கிலேயரின் பழைய சட்ட நூல்களில் பல நூற்றாண்டுகள் வழங்கிவந்த தொடர் ஒன்று உண்டு. சண்டையில் தாக்கப்பட்டவன் 'சுவர் வரை' பின்வாங்கியிருக்க வேண்டும் என்பது அது. ஒருவன் கத்தியை உருவிக்கொண்டு எதிரே வருகிறான் எனின், மற்றவன் தானும் உடனே கத்தியை உருவுதல் ஆகாது. பின்னோக்கி நடக்க வேண்டும். சுவரோ வேலியோ அகழியோ குறுக்கிட்டு, இனி ஓரடி வைக்கவும் இடமில்லை என்னும் நிலை வந்த பின்னரே அவன் திருப்பித் தாக்கலாம். அப்போது எதிரி மாண்டால் அது தற்காப்பு. சுவரை எட்டுமுன்பே மாண்டால் அது குற்றம். இத்தனை எளிய தொடர் அமெரிக்க நாட்டில் எவ்வாறு தேய்ந்தது, அதன் இடத்தில் வேறு எந்தச் சொல் வந்து அமர்ந்தது, அச்சொல் யாரைக் காத்தது, யாரைக் கைவிட்டது என்பவை சட்டம் பயின்றோர் மட்டும் அறியவேண்டிய செய்திகள் அல்ல. சொல்லின் ஆற்றலை உணர்ந்தோர்க்கும் அவை உரியவை.

இத்தொடரின் வேர் இடைக்கால இங்கிலாந்தில் உள்ளது. அக்காலச் சட்டத்தின் பார்வையில் எந்தக் கொலையும் மன்னனின் அமைதியைக் குலைத்த செயல். ஆகவே தன் உயிரைக் காக்கக் கொன்றவனும் குற்றமற்றவனாக வீடு திரும்ப முடியாது. 1278ஆம் ஆண்டின் குளோஸ்டர் சட்டப்படி, தற்காப்புக்காகவே கொன்றான் என்று ஜூரி கண்டாலும், அவன் மன்னனின் அருளை நாடி மன்னிப்புப் பெற வேண்டும். மன்னிப்புப் பெரும்பாலும் கிடைத்தது. ஆனால் அவனுடைய அசையும் பொருள்கள் அரசுக்குப் போயின. உயிர் மீண்டது, உடைமை மீளவில்லை. இவ்வழக்கம் ஏட்டளவிலேனும் 1828 வரை நீடித்தது. வழிப்பறி செய்ய வந்தவனையோ வீடு புகுந்து கொல்ல வந்தவனையோ கொன்றவனுக்கு மட்டும் எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1532இல், இந்த இழப்பினின்று விலக்குக் கிடைத்தது. கள்வன் முன் பின்வாங்க வேண்டியதில்லை, இருவர் வாய்ச்சண்டை முற்றிக் கைகலக்கும்போது பின்வாங்க வேண்டும் என்ற வேறுபாடு நிலைபெற்றது. வீட்டுக்குள் இருப்பவனுக்கும் தனிச் சலுகை உண்டு. ஒருவனது வீடு அவனுக்குக் கோட்டை என்னும் கோட்பாடு, 1604இல் செமெய்ன் என்பாரின் வழக்கை எட்வர்டு கோக் பதிவு செய்ததால் புகழ்பெற்றது. கோட்டைக்குள் இருப்பவன் அதைவிட்டு வேறெங்கே ஓடுவான்?

1769இல் வெளிவந்த தம் உரைநூலின் நான்காம் தொகுதியில் வில்லியம் பிளாக்ஸ்டன் இவ்விதிக்கு ஒரு காரணம் கூறினார். இரு நாடுகளிடையே போர் நிகழும்போது பகைவன் முன் ஓடுவது கோழைத்தனமாகலாம். ஒரே அரசின் குடிகள் இருவரிடையே அத்தகைய மானத்தைச் சட்டம் ஏற்பதில்லை. இழைக்கப்பட்ட தீங்குக்கு ஈடு தர மன்னனும் அவனுடைய நீதிமன்றங்களும் இருக்கின்றன என்பது அவர் வாதம். போர்க்களத்தின் அறம் வேறு, தெருவின் அறம் வேறு என்று பிரிக்கும் இவ்வாதத்தின் கூர்மை புறநானூற்றில் தோய்ந்தவர்க்கு எளிதில் விளங்கும். வெண்ணிப் போரில் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். கழாத்தலையாரும் வெண்ணிக் குயத்தியாரும் அந்த நாணத்தைப் பாடினர். குயத்தியார் வென்ற கரிகாலனிடமே தோற்றவனின் பெருமையைச் சொன்னார். பிளாக்ஸ்டன் அத்தகைய மானத்தை இகழவில்லை. அதைக் களத்திலேயே விட்டுவிட்டு ஊருக்குள் வரச் சொன்னார்.

இக்கருத்துக்கு ஒரு மாற்று இந்திய மண்ணில் எழுதப்பட்டது. 1834 ஜூன் 10ஆம் நாள் சென்னையில் கப்பலிலிருந்து இறங்கிய தாமஸ் பாபிங்டன் மெக்காலே, தலைமை ஆளுநர் பென்டிங்கைக் காண உதகமண்டலம் சென்றார். சில காலம் அங்குத் தங்கிய பின் கல்கத்தாவுக்குப் போனார். அவர் தலைமை தாங்கிய சட்ட ஆணையம் 1837இல் தண்டனைச் சட்ட வரைவொன்றை முடித்தது. வரைவோடு சேர்த்த விளக்கக் குறிப்புகளில் தற்காப்புரிமை பற்றிய பகுதி வியப்பானது. இவ்வுரிமையை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவோர் இருக்கக்கூடும் என்பதை மெக்காலே ஒப்புக்கொள்கிறார். ஆயினும் இந்நாட்டு மக்கள் கொள்ளைக் கூட்டத்தாருக்கும் முரடர்களுக்கும் பணிந்து போகும் பொறுமையே தமக்குக் கவலை தருகிறது என்கிறார். கட்டுப்பாடுகளைப் பெருக்குவதினும் மக்களிடம் ஆண்மையைத் தட்டியெழுப்புவதே விரும்பத்தக்கது என்பது அவர் முடிவு. வரைவு 1860இல்தான் சட்டமாயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1859 டிசம்பரில், மெக்காலே இறந்துவிட்டார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் சுவரும் இல்லை, தாக்கப்பட்டவன் பின்வாங்க வேண்டும் என்ற கடமையும் இல்லை.

ஒரு நாட்டை வென்று ஆள்பவர்கள் ஆளப்படுவோரின் ஆண்மைக்காக வருந்துவது விந்தையே. அந்த வருத்தத்தின் எல்லை எது என்பதை 99ஆம் பிரிவு காட்டுகிறது. அரசு அலுவலர் தம் பதவியின் பெயரால் நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் சட்டப்படி முற்றிலும் சரியன்று எனினும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலை நேர்ந்தாலன்றி, அதை எதிர்க்கத் தற்காப்புரிமை கிடையாது. காவலரை நாடப் பொழுது இருந்தாலும் கிடையாது. தேவைக்கு மிஞ்சிய தீங்கும் கூடாது. பின்னிரண்டும் எந்த நல்ல சட்டத்திலும் இருக்க வேண்டியவை. முதலாவது, எழுப்பப்பட்ட ஆண்மை எந்தத் திசையில் திரும்பலாகாது என்பதைச் சொல்லிவிடுகிறது. 1878இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருக்க முடியாது. ஐரோப்பியர்க்கு விலக்கு உண்டு. உரிமை ஏட்டில் எல்லார்க்கும் பொது. கருவி ஒரு சாராரிடம்.

அதே ஆண்டுகளில் அட்லாண்டிக்கின் அக்கரையில் 'ஆண்மை' என்னும் அச்சொல் வேறொரு வழியாகச் சட்டத்துக்குள் நுழைந்தது. ஒகையோ மாநிலத்தில் எர்வின் என்பவருக்கும் அவருடைய மருமகனுக்கும் ஒரு கொட்டகை யாருக்கு உரியது என்று சச்சரவு. மருமகன் கோடரியுடன் வந்தான், மாமனார் சுட்டார், மருமகன் இறந்தான். விசாரணை நீதிமன்றம் பழைய விதியைச் சொல்லித் தண்டித்தது. 1876இல் ஒகையோ உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தன்மேல் தவறில்லாத மெய்யான ஆண்மகன், தன் உயிரைக் கொள்ள வருபவன் முன்னின்று ஓடக் கடமைப்பட்டவன் அல்லன் என்றது. 'மெய்யான ஆண்மகன்' என்னும் இத்தொடர்தான் சுவரின் இடத்தில் வந்து அமர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, இந்தியானா மாநிலத்து நியூ காசில் ஊரில் ரன்யன் என்பவர் தம்மைத் தாக்கிய ஒருவரைச் சுட்டுக் கொன்றார். 1877இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிரான தீர்ப்பைத் தள்ளியது. ஓடித் தப்ப வேண்டும் என்னும் விதிக்கு அமெரிக்கர் மனம் இயல்பாகவே எதிரானது என்று அது காரணம் கூறியது. சட்டத்துக்கு ஆதாரமாக முன்தீர்ப்பைக் காட்டுவது வழக்கம். ஒரு நாட்டாரின் மனப்பான்மையை ஆதாரமாகக் காட்டியது புதுமை.

கூட்டாட்சியின் உச்ச நீதிமன்றம் இவ்விரு தீர்ப்புகளையும் 1895இல் தழுவிக்கொண்டது. ஆர்க்கன்சாவின் மேற்கே, பழங்குடியினர் நிலப்பகுதியில் பேர்டு என்னும் வெள்ளையர் வாழ்ந்தார். ஒரு பசுவின் பொருட்டு ஜோன்ஸ் என்னும் பெயர்கொண்ட சகோதரர்கள் அவருடைய நிலத்துக்கு வந்து மிரட்டினர். அவர்களில் ஒருவரைப் பேர்டு தம் துப்பாக்கியால் தலையில் அடித்தார், அடிபட்டவர் இறந்தார். ஃபோர்ட் ஸ்மித் நகரில் வழக்கை விசாரித்தவர் ஐசக் பார்க்கர். தூக்குத் தண்டனைகளால் பெயர் பெற்றவர். அவர் நீதிமன்றத்தின் தீர்ப்பால் 79 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஆயினும் பின்வாங்கும் கடமையை இறுகப் பற்றியவரும் அவரே என்பது கருதத்தக்கது. பேர்டு தம் வீட்டுச் சுவர்களுக்குள் இல்லையாதலின் விலகிப் போயிருக்க வேண்டும் என்று அவர் ஜூரிக்குச் சொன்னார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹார்லன் அதை மறுத்தார். தம் நிலத்தில் நின்ற ஆண்மகன் ஓட வேண்டியதில்லை.

அதே பார்க்கரின் நீதிமன்றத்திலிருந்து அதே காலத்தில் இன்னொரு வழக்கும் மேலே சென்றது. அலெக்சாண்டர் ஆலன் பதினான்கு வயதளவான கறுப்பினச் சிறுவன். தன்னைக் குச்சிகளால் அடிக்க வந்த வெள்ளையினச் சிறுவர்களில் ஒருவனைச் சுட்டுக் கொன்றான். தற்காப்பு என்றான். பார்க்கர் நீதிமன்றம் அவனுக்கு மும்முறை மரண தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் இருமுறை தீர்ப்பைக் கலைத்தது. மூன்றாம் முறை, 1896 டிசம்பரில், உறுதி செய்தது. ஆலன் தன் சொந்த நிலத்தில் நிற்கவில்லை, ஆகவே பின்வாங்கும் கடமை அவனுக்கு உண்டு என்பது சட்டம் கண்ட வேறுபாடு. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹென்றி பிரவுன். இனத்தால் பிரித்து வைத்த ரயில் பெட்டிகள் அரசமைப்புக்கு ஏற்றவையே என்ற பிளெஸ்ஸி வழக்கின் தீர்ப்பை அதே ஆண்டு மே மாதத்தில் எழுதியவரும் அவரே. அந்த வழக்கில் தனி ஒருவராக நின்று மறுத்தவர் ஹார்லன். சொந்த நிலம் உள்ளவனே ஆண்மகன் எனின், அடிமைத்தளையினின்று விடுபட்டு ஒரு தலைமுறையே ஆன மக்களில் எத்தனை பேர் அந்தப் பெயருக்கு உரியவர் ஆவர் என்ற கேள்வி அன்று கேட்கப்படவில்லை. ஆலனின் மரண தண்டனையைப் பின்னர்க் குடியரசுத் தலைவர் குறைத்தார் என்பது ஓர் ஆறுதல்.

நிலம் என்ற எல்லையும் 1921இல் கரைந்தது. டெக்சாசில் அஞ்சலகம் ஒன்றுக்கான கட்டுமான இடத்தில் மேற்பார்வையாளராக இருந்த பிரவுனை (நீதிபதி பிரவுன் வேறு, இவர் வேறு) ஒருவன் கத்தியுடன் தாக்க வந்தான், முன்பும் தாக்கியவன். பிரவுன் நான்கு முறை சுட்டார். கடைசிக் குண்டு அவன் கீழே விழுந்த பிறகு சுடப்பட்டதா என்பது வழக்கின் முடிச்சு. ஓங்கிய கத்திக்கு முன் நிற்பவனிடம் அமைதியான ஆராய்ச்சியை எதிர்பார்க்க முடியாது என்று கூறி நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் தண்டனையைத் தள்ளினார். பின்வாங்காமை என்பது ஒரு கூறாகக் கருதப்படலாமேயன்றி, அதுவே குற்றம் ஆகாது என்றார். நண்பர் ஹரால்டு லாஸ்கிக்கு எழுதிய மடலில், மனிதன் ஓடுவதற்குப் பிறந்தவன் அல்லன் என்ற கருத்தை ஹோம்ஸ் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். புறமுதுகிட்டோர் மேல் வாளோங்காமையைத் 'தழிஞ்சி' எனத் துறை வகுத்த புறப்பொருள் வெண்பாமாலையின் ஆசிரியர் அந்த நான்காவது குண்டைப் பற்றி என்ன கூறியிருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஹோம்ஸுக்கு அப்போது எண்பது வயது. இளமையில் உள்நாட்டுப் போரில் மும்முறை காயமுற்றவர். 1861இல் மார்பில் பட்டது. 1862 ஆன்டீட்டம் களத்தில் அவருடைய படைப்பிரிவு பின்புறமிருந்து தாக்குண்டு சிதறி ஓடியபோது, பின்கழுத்தில் நுழைந்த குண்டு முன்னே வெளிப்பட்டது. முன்னதை நாளேடுகள் போற்றின, பின்னதை அவ்வாறு போற்ற இயலாது என்று அவரே பிற்காலத்தில் நகைத்து எழுதினார். விழுப்புண்ணும் புறப்புண்ணும் ஓருடலில் தாங்கிய மனிதர் அவர். ஓடியதை மறைக்காதவர். ஓடுவது மனித இயல்பன்று என்று சட்டத்தில் எழுதியவரும் அவரே. பிளாக்ஸ்டன் களத்தில் விட்டுவரச் சொன்ன மானம், களத்தை நேரில் கண்ட ஒருவரின் கையால் ஊருக்குள் வந்து சேர்ந்தது.

இச்சட்டம் உண்மையில் யாருக்கு என்ற கேள்வி நான்காண்டுகளில் டெட்ராய்ட் நகரில் எழுந்தது. ஆசியன் ஸ்வீட் 1895இல் புளோரிடாவின் பார்ட்டோ ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, வியன்னாவிலும் பாரிசிலும் மேற்பயிற்சி பெற்றவர். மனைவி கிளாடிஸ், கைக்குழந்தை ஒன்று. 18,500 டாலர் விலைக்கு கார்லண்டு சாலை மூலையில் ஒரு செங்கல் வீட்டை வாங்கினார். வெள்ளையர் பகுதி அது. கறுப்பர் குடிவரக் கூடாதென்று அக்கம்பக்கத்தார் முன்னதாகவே சங்கம் கூட்டியிருந்தனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அலெக்சாண்டர் டர்னர் என்னும் கறுப்பின அறுவை மருத்துவர் இவ்வாறே ஒரு வீட்டில் குடியேறியபோது, கும்பலொன்று வீட்டைச் சூழ்ந்து, அவரை அன்றே வெளியேற்றி, வீட்டையும் எழுதி வாங்கிக்கொண்டது. டர்னர் பின்வாங்கினார். உயிர் பிழைத்தார். பழைய ஆங்கிலச் சட்டம் அவரைப் பாராட்டியிருக்கும்.

1925 செப்டம்பர் 8ஆம் நாள் ஸ்வீட் குடும்பம் புது வீட்டுக்கு வந்தது. குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தனர். தட்டுமுட்டுச் சாமான்களோடு துப்பாக்கிகளும் தோட்டாக்களும் வந்தன. தம்பியர் இருவரும் நண்பர்களும் துணைக்கு வந்தனர். மறுநாள் மாலை கூட்டம் பெருகியது. காவலர் இருந்தனர், கூட்டத்தைக் கலைக்கவில்லை. கற்கள் வந்து விழுந்தன, சன்னல் கண்ணாடி உடைந்தது. வீட்டின் மேல்மாடியிலிருந்து குண்டுகள் பாய்ந்தன. தெருவில் நின்ற லியான் பிரைனர் இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். வீட்டிலிருந்த பதினொருவரும், கிளாடிஸ் உட்பட, கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் அடைக்கப்பட்டனர்.

கறுப்பின முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் செயலாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் புகழ்பெற்ற கவிஞர். சங்கம் நாட்டின் தலைசிறந்த குற்றவியல் வழக்கறிஞரான கிளாரன்ஸ் டாரோவை அமர்த்தியது. கவிதைக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள உறவு ஜான்சனோடு தொடங்கவில்லை. 1919ஆம் ஆண்டின் இனக் கலவரங்களின்போது ஜமைக்காவில் பிறந்த கிளாட் மெக்கே எழுதிய பதினான்கடிப் பாடல் ஒன்று கறுப்பின மக்களிடையே பரவியிருந்தது. சாவதே உறுதி எனின் எப்படிச் சாவது என்பது அதன் பொருள். அதன் முடிவிலும் ஒரு சுவர் வருகிறது. சட்டத்திலிருந்து நீக்கப்பட்ட சுவர், சட்டத்தின் காவல் கிட்டாதவர்களின் பாட்டில் நின்றது.

வழக்கில் டாரோவின் தரப்புக்கு உதவிய முன்தீர்ப்பு 1860ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அகஸ்டஸ் பாண்டு என்னும் மீனவரின் வலைக்கொட்டிலைக் கும்பல் தாக்கியபோது அவர் சுட்டார். கொட்டிலும் வீட்டின் பகுதியே, தாக்கப்பட்டவன் வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அன்று கூறியிருந்தது. வீடு கோட்டை என்பதில் இரு தரப்புக்கும் ஐயமில்லை. ஐயம் வேறிடத்தில் இருந்தது. வெளியே எத்தனை பேர் நின்றனர்? அரசுத் தரப்புச் சாட்சிகள் சிலரே என்றனர். எதிர்த்தரப்பு நூற்றுக்கணக்கானோர் என்றது. அச்சம் நியாயமானதா என்பதே அந்த எண்ணிக்கைக்குப் பின்னிருந்த வினா. டாரோ வேறொரு வழியில் விடை தேடினார். ஸ்வீட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி அவருடைய வாழ்நாளையே சொல்லச் செய்தார். புளோரிடாவில் சிறுவனாகக் கண்ட கும்பல் கொலை, 1919இல் வாஷிங்டன் தெருக்களில் கண்ட வன்முறை, 1921இல் டல்சாவில் கறுப்பின மருத்துவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி, டர்னருக்கு நேர்ந்தது எல்லாம் நீதிமன்றத்தில் பேசப்பட்டன. அரசுத் தரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி ஃபிராங்க் மர்ஃபி அனுமதித்தார். ஒரு மனிதன் கதவைத் திறந்து கும்பலைக் காணும்போது அவன் கண்முன் நிற்பது அன்றைய கும்பல் மட்டுமா, தன் இனத்தார் தலைமுறை தலைமுறையாகக் கண்ட எல்லாக் கும்பல்களுமா? அச்சத்தை அளக்கும் சட்டம் அந்த நினைவையும் அளந்தாக வேண்டும் என்பது வாதத்தின் சாரம். தற்காப்புச் சட்டத்தின் நெடிய வரலாற்றில் இதனினும் நேர்மையான வாதம் ஒன்றைக் காட்டுவது அரிது.

ஜூரியர் அனைவரும் வெள்ளையர். முதல் விசாரணை 1925 நவம்பரில் உடன்பாடின்றி முடிந்தது. பின்னர்த் தம்பி ஹென்றி ஸ்வீட் மட்டும் தனியே விசாரிக்கப்பட்டார்; சுட்டதை ஒப்புக்கொண்டவர் அவர். டாரோவின் நிறைவுரை ஏழு மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. வீட்டுக்குள் வெள்ளையரும் வெளியே கறுப்பரும் இருந்திருந்தால் இவ்வழக்கே வந்திராது என்று ஜூரியர் முகத்துக்கு நேரே சொன்னார். 1926 மே 13ஆம் நாள் ஹென்றி குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பாயிற்று. மற்றவர்கள் மீதான வழக்கு 1927இல் கைவிடப்பட்டது. சட்டம் வென்றது என்று கூறி இக்கதையை முடிப்பவர் உண்டு. குழந்தை 1926இலும் கிளாடிஸ் 1928இலும் காச நோயால் இறந்தனர். ஹென்றியும் 1940இல் அதே நோயால் மாண்டார். ஆசியன் ஸ்வீட் 1960இல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்.

எண்பதாண்டுகளுக்குப் பின், அவர் பிறந்த அதே புளோரிடாவில், பின்வாங்கும் கடமையின் எஞ்சிய பகுதியும் சட்டமன்றத்தால் நீக்கப்பட்டது. 2005 ஏப்ரலில் ஆளுநர் ஜெப் புஷ் கையெழுத்திட, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் மூன்று செயல்களைச் செய்தது. ஒருவன் தான் இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும், தெருவிலும் கடையிலும் கூட, அஞ்சத்தக்க காரணம் இருப்பின் பின்வாங்காமல் கொல்லும் வலிமையைப் பயன்படுத்தலாம். வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ வலிந்து நுழைபவனைக் கண்டு அஞ்சியது நியாயமே என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். தற்காப்பு என்று ஏற்கப்பட்டால் வழக்கு விசாரணையிலிருந்தே விலக்கு. இந்த விலக்கைத் தகர்க்கும் சுமை 2017இல் அரசுத் தரப்பின் மேல் ஏற்றப்பட்டது. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் சட்டத்தாலோ தீர்ப்புகளாலோ இத்தகைய நிலை உள்ளது. புளோரிடாவில் இச்சட்டத்துக்குப் பின் கொலைகள் 24 விழுக்காடு அளவுக்கு உயர்ந்ததாக 2017இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வந்த ஆய்வு கூறியது. ஆண்மகன் என்ற சொல் புதிய சட்டத்தில் இல்லை. எவருக்கும் பொதுவான சொல்லே உள்ளது. ஆயினும் யாருடைய அச்சம் நியாயமானது என்பதை ஒவ்வொரு முறையும் காவலரும் நீதிபதியும் ஜூரியும்தான் முடிவு செய்தாக வேண்டும்.

2012 பிப்ரவரி 26ஆம் நாள் சான்ஃபோர்டு நகரில் படைக்கலம் ஏதுமற்ற பதினேழு வயதுக் கறுப்பின இளைஞன் டிரேவோன் மார்ட்டின் சுடப்பட்டு இறந்தான். சுட்டவர் மீது ஆறு வாரங்களுக்குப் பின்னரே வழக்குப் பதிவாயிற்று. 2013 ஜூலையில் அவர் விடுதலையானார். விலக்குக் கோரும் தனி விசாரணையை அவர் தரப்புக் கேட்கவில்லை, தரையில் வீழ்த்தப்பட்டதால் ஓட வழியே இல்லை என்றுதான் வாதிட்டது என்பதையும் குறிப்பிடுவது முறை. எனினும் பின்வாங்கும் கடமை இல்லை என்ற வாசகம் ஜூரிக்குத் தரப்பட்ட அறிவுரையில் இருந்தது. அதே மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் 2010இல், பிரிந்து வாழ்ந்த கணவன் தாக்க வந்ததாகக் கூறிய கறுப்பினப் பெண்ணொருவர் ஒரு குண்டு சுட்டார். எவர் மேலும் படவில்லை. குண்டு சமையலறைச் சுவரில் பாய்ந்தது. வாகனக் கொட்டிலுக்குப் போனவர் அப்படியே வெளியேறாமல் துப்பாக்கியுடன் திரும்பி வந்தார் என்று கூறி நீதிபதி அவருக்கு விலக்கை மறுத்தார். நின்ற இடத்தில் நிற்கலாம் என்ற சட்டம் இருந்த மாநிலத்தில், அதுவும் ஒரு வீட்டில், அவர் ஏன் போய்விடவில்லை என்று கேட்கப்பட்டது. 2012இல் இருபதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஜூரிக்குத் தரப்பட்ட அறிவுரை பிழையானதென்று 2013இல் மேல்முறையீட்டில் அத்தண்டனை தள்ளப்பட்டது. 2015இல் உடன்பாடு ஒன்றின்படி, ஏற்கெனவே கழித்த காலத்தைக் கணக்கிட்டு மூன்றாண்டுத் தண்டனையோடு அவர் வெளிவந்தார்.

இந்தியாவில் மெக்காலேயின் பிரிவுகள் பெரிதும் மாறவில்லை. ஆபத்தின் முன் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகன் கோழையாக நடக்க வேண்டியதில்லை என்று 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியது. உரிமை தற்காப்புக்கே அன்றிப் பழிவாங்கலுக்கு அன்று என்ற வரம்பையும் அதே தீர்ப்பு நினைவூட்டியது. உயிர்க்கொலைக்கும் இடந்தரும் தாக்குதல்களின் பட்டியலில் 2013இல் அமில வீச்சு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பகுதி 34 முதல் 44 வரையான பிரிவுகளாக உள்ளது. அவற்றுள் இறுதிப் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ஒருவனைக் கொல்ல ஒரு கும்பல் சூழ்கிறது. கும்பலுக்குள் சிறு குழந்தைகளும் கலந்திருக்கின்றனர். குழந்தைகளுக்குத் தீங்கு நேரக்கூடும் என்று அறிந்தும், சுட்டாலன்றி அவனுக்கு உயிர் இல்லை. அவன் சுடுகிறான். அது குற்றம் அன்று என்கிறது சட்டம். அவன் யார், எந்தத் தெருவில் வாழ்ந்தவன், கும்பல் எதற்காக வந்தது என்று எடுத்துக்காட்டில் எதுவும் கூறப்படவில்லை.